மெட்ராஸ்காரர் பாதியில் விட்டுப்போன பேய்

படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஊரின் பெயரையும்தான். பயணக் கட்டுரை எழுதுகிறவள் போன ஊரின் பெயரை மறைத்தால் அப்புறம் என்ன கட்டுரை என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் போன அன்று அந்த வீட்டில் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு ஊசலாடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை தவறினால் அது என்னால் கெட்டிருக்கும். அதனால் தேனியிலிருந்து கம்பம் வரை எல்லாப் பெயரும் சொல்கிறேன், ஒன்றைத் தவிர.

படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். புதுப்பெண்ணுக்குப் பேய் பிடிக்கும். சாயங்கால வெளிச்சத்தில் திராட்சைப் பந்தலைப் பார்த்து அவள் “அவங்க வந்துட்டாங்க” என்பாள். உடனே பந்தலுக்கு அடியில் வெள்ளையாக ஏழு பேர் வரிசையாக நடந்து வருவார்கள். கோடாங்கி உடுக்கை அடிப்பார், வேப்பிலையால் அவளை விளாசுவார். கடைசியில் வீடே எரிந்துபோகும். ஆறாம் வகுப்பில் பார்த்துவிட்டு ஒரு மாதம் நான் தனியாகக் குளியலறைக்குப் போகவில்லை. படம் தொடங்கும்போது ‘கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த உண்மைச் சம்பவம்’ என்று எழுத்து வரும். பயத்தைவிட அந்த எழுத்துதான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. சந்தேகம் என் கூடப்பிறந்தது. ‘சுத்தமான நெய்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுகிற ஆள் நான்.

சென்னையிலிருந்து போடி ரயிலில் இரவெல்லாம் தூங்கி, காலையில் தேனியில் இறங்கினேன். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் பேருந்து நிலையத்துக்கு நூற்றைம்பது கேட்டார். எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டதும் நானும் சொல்லித் தொலைத்தேன்.

“பேய் வீடா? அது சின்னமனூர்லல்ல இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்க்கா. ஆயிரத்தி இரநூறு குடுங்க போதும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும்க்கா.”

எல்லாருக்கும் தெரிந்த பேயை நான் நம்புவதாக இல்லை. பேருந்து நிலையத்திலேயே இறங்கிக்கொண்டேன். கம்பம் போகும் பேருந்தில் வலது பக்க ஜன்னல். வீரபாண்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல்லும் வாழையுமாகப் பச்சை தொடங்கிவிடுகிறது. முல்லைப் பெரியாறு சாலையோடு கூடவே வருவதும் காணாமல் போவதுமாக இருந்தது. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிறவர்கள் கறுப்புத் துணி, எள் மூட்டையோடு ஏறி, வழியில் இறங்கினார்கள். சனிக்குப் பயந்து அவர்கள் போகிறார்கள், சின்ன வயதில் நான் பயந்த பேயைத் தேடி நான் போகிறேன், இதில் யாருக்குப் புத்தி அதிகம் என்று யோசித்தேன்.

சின்னமனூர், காலை பத்தரை மணி. மேகமலைக்குப் பிரியும் சாலையில் கொஞ்ச தூரத்தில் ‘ஒரிஜினல் பேய் பங்களா’ என்று பலகையே வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் ஐம்பது ரூபாய், செல்போனில் படம் எடுக்க இன்னொரு இருபது. சுவரில் ரத்தக் கை பதிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், பெயிண்ட் இன்னும் பிசுபிசுத்தது.

“படத்துல திராட்சைப் பந்தல் வருமே, அது எங்கே?” என்று டிக்கெட் கிழித்தவரிடம் கேட்டேன்.

“பேய் வந்ததும் பட்டுப்போச்சு.”

“கதவு தானாத் திறக்குமே, அந்த மோட்டார் ரூம்?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க வருமான வரியா?” என்றார். ஐம்பது ரூபாய் போனது போனதுதான்.

கம்பம், மதியம். சந்தைப் பக்கம் பன்னீர் திராட்சை கிலோ அறுபது ரூபாய். கேரள எஸ்டேட் வேலைக்குப் போகிற ஜீப்புகள் காலையிலேயே மலையேறிவிட்டன. மிச்சம் நின்ற ஒரு ஜீப்காரர் நானூறு ரூபாய்க்குக் கம்பம்மெட்டுச் சாலையில் ஒரு வெள்ளைக் கட்டடத்தைக் காட்டினார். “இதான்மா ஒரிஜினல். ஏழு பேயும் இங்கனதான் இருந்துச்சு” என்றார். சுற்றுச்சுவரில் பதித்திருந்த டைல்ஸ் என் சமையலறையில் போன வருஷம் போட்டது. ஐம்பது வருஷப் பேய்க்கு அவ்வளவு புது வீடா என்றேன். ஜீப்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. “பேயி வாடகைக்கு வந்திருக்கும்மா” என்றார். மனிதரை எனக்குப் பிடித்துப் போனது.

இனி யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். படத்தில் பந்தலுக்குப் பின்னால் மேற்கு மலை ஓர் இடத்தில் நன்றாக மடிந்து தெரியும். அந்தக் காட்சியைச் செல்போனில் பிடித்து வைத்திருந்தேன். கம்பத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தில் ஏறி, மலையையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனேன். கண்டக்டருக்கு நான் சர்வே எடுப்பதாகச் சந்தேகம். எங்கே இறங்கப் போகிறேன் என்று மூன்று தடவை கேட்டார். ஒரு நிறுத்தத்தில் மடிப்பு மடிப்போடு பொருந்தியது. இறங்கிவிட்டேன்.

நிறுத்தத்திலேயே ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய், பருப்பு வடை எட்டு. கடையில் ஒரு பெண் மட்டும் இருந்தார். பழைய பேய்ப்படம் எடுத்த வீடு இந்தப் பக்கமா என்று கேட்டேன்.

“எனக்கென்னக்கா தெரியும், நான் வாக்கப்பட்டு வந்தவ. செத்த இருங்க, அவுக வருவாக, கேளுங்க.”

அவர்கள் வருவார்கள் என்றதும் எனக்கு உஷார் வந்துவிட்டது. ஊரே திரண்டு வந்து என்னை விசாரிக்கப் போகிறது என்று நினைத்தேன். “எத்தனை பேர் வருவாங்க?” என்றேன்.

அவர் வடைக்கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். “எனக்கு ஒரே புருசன்தான்க்கா.”

கொஞ்ச நேரத்தில் ஒரே ஓர் ஆள் பால் கேனோடு சைக்கிளில் வந்தார். “அவுக வந்துட்டாக” என்றார் அந்தப் பெண். புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், அதற்குத்தான் இந்த ‘அவுக’ என்று எனக்கு உறைக்கச் சில நொடிகள் ஆயின. நான் வீட்டில் முரளி என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மூடில் இருந்தால் முரளி, இல்லாவிட்டாலும் முரளிதான்.

கணவர் என் கேள்வியைக் கேட்டதும் முகத்தைச் சுருக்கினார். “அப்படி வீடெல்லாம் இங்கன இல்ல. டீயைக் குடிச்சிட்டு அடுத்த பஸ்ல கெளம்புங்க.”

“இல்லைன்னா ஏன் கோபப்படறீங்க?”

“போன மாசம் ஒருத்தன் வந்தான், தலைக்கு மேல ட்ரோன் விட்டான். நெசப் பேய் வீடுன்னு வீடியோ போட்டான். அந்த வீட்டுப் புள்ளைக்கு வந்த சம்பந்தம் தட்டிப் போச்சு. போதுமா?”

சொன்னபிறகுதான் அவருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. காலையிலிருந்து எல்லோரும் காசு வாங்கிக்கொண்டு வீட்டைக் காட்டினார்கள். முதன்முதலாக ஒருவர் இல்லை என்கிறார். அப்படியானால் இங்கேதான் இருக்கிறது.

அது ஒரு பெண்ணின் கல்யாண விஷயம் என்று தெரிந்த பிறகும் நான் போனேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும். பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடுவேன் என்று எனக்கே ஒரு சமாதானம்.

வாய்க்கால் ஓரமாக நடந்தால் பந்தல் தொடங்குகிறது. குனிந்துதான் போக வேண்டும், தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகக் காய். நடுவில் தகரக் கதவு போட்ட மோட்டார் ரூம். படத்தில் இதே கதவு தானாகத் திறக்கும். பந்தல் முடிகிற இடத்தில் ஓட்டு வீடு, எரியாமல், சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று நின்றது. ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி வாசலில் கோலத்துக்குச் செம்மண் பட்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

“திராட்சை ரெண்டு கிலோ கிடைக்குமா?” என்றேன்.

“திராட்ச வாங்க வந்தவுக மோட்டார் ரூமை எதுக்கு நின்னு பாத்தீக?”

நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டினார். “போனைக் குடுங்க.” கொடுத்தேன். அதை அரிசி டிரம்முக்கு மேல் வைத்துவிட்டு, “இப்பச் சொல்லுங்க, எந்தச் சேனலு?” என்றார். சேனல் இல்லை, பத்திரிகை என்றேன். அதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அவர் பெயரைச் செல்வராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் நர்சிங் படித்து தேனியில் வேலை பார்க்கிறாள். முதலில் வந்த சம்பந்தம் அந்த வீடியோவால் போனது. இப்போது போடியிலிருந்து இன்னொரு குடும்பம், அன்று சாயங்காலம் வீடு பார்க்க வருகிறார்கள். செம்மண் பட்டை அதற்குத்தான்.

“இதுவும் போச்சுன்னா எம்மக கல்யாணமே வேணாம்னு சொல்லிருவா. ஏற்கெனவே அழுது முடிச்சிட்டா. நீங்க என்னத்தையாவது எழுதி வச்சீகன்னா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரு குடம் மண்ணெண்ணெயும் வாங்கிக் குடுத்துட்டுப் போங்க.”

எழுதமாட்டேன் என்றேன். நிஜமாகவே அந்த நேரம் எழுதக்கூடாது என்றுதான் இருந்தது. அவர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் தானாகவே சொன்னார்.

“எங்கம்மாவுக்குப் பேயும் புடிக்கல, பிசாசும் புடிக்கல. எங்கப்பா உசுரோட திரும்பி வந்தாக. நடந்தது அம்புட்டுத்தான்.”

கதை இதுதான். செல்வராணியின் அப்பா கல்யாணமான புதிதில் ஏலக்காய் எஸ்டேட் வேலைக்கு மலைக்குப் போனார். மழையில் ஆள் ஏற்றிப் போன ஜீப் பள்ளத்தில் விழுந்தது. அவரும் அதோடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. உடம்பு கிடைக்கவில்லை. வீட்டில் அழுது தீர்த்துக் கருமாதி செய்தார்கள், மனைவியின் தாலியைக் கழற்றினார்கள். ஆனால் அவர் அந்த ஜீப்பில் ஏறவே இல்லை. கூலி கூடுதல் என்று கேள்விப்பட்டு அப்படியே இன்னும் உள்ளே வேறொரு எஸ்டேட்டுக்குப் போய்விட்டிருந்தார். ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு, தாடியும் மீசையுமாக, ஒரு சாயங்காலம் பந்தலுக்கு அடியில் நடந்து வந்தார்.

பார்த்தவர்கள் ஓடினார்கள். பெற்ற தாயே கதவைச் சாத்தினார். கருமாதி முடிந்து காரியம் கழிந்த பிறகு அதே முகத்தோடு வருவது மகன் இல்லை, வேறு ஏதோ என்பது அவர்கள் கணக்கு. வீட்டுக்குள் விட்டால் குடும்பம் விளங்காது. அவர் மோட்டார் ரூமில் தங்கினார். மனைவி மட்டும் தினமும் சோறு கொண்டு போனார்.

“உங்க அம்மா பயப்படலையா?”

“புருசனைப் பாத்து யாராச்சும் பயப்படுவாகளா? வீடு வீடாப் போயிச் சொல்லியிருக்காக. யாரும் நம்பல. மருமகளுக்குப் பேய் புடிச்சிருச்சுன்னு கோடாங்கியக் கூட்டி வந்து கட்டி வச்சு அடிச்சாக. அடிக்க அடிக்க எங்கம்மா ஒண்ணத்தான் சொன்னாக.”

“என்ன சொன்னாங்க?”

“வேற என்னத்தச் சொல்வாக. ‘அவுக வந்துட்டாக’ன்னு.”

அவர் கொடுத்திருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கம்பத்தில் அறை எடுத்துக் கதை எழுதிக்கொண்டிருந்த ஒரு மெட்ராஸ்காரர், கோடாங்கி அடிப்பதைப் பார்க்க அன்று வந்திருந்தாராம். அவர் காதில் ‘அவுக’ என்பது ‘அவர்கள்’ என்று விழுந்திருக்கிறது. ஒரு பெண் தன் ஒரே புருஷனைச் சொன்னதை வைத்து ஏழு பேயை எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த ஏழு பேருக்குப் பயந்து நான் ஒரு மாதம் குளியலறைக்குத் துணை தேடியிருக்கிறேன். சிரிப்பும் வந்தது, அந்த அம்மாள் வாங்கிய அடியை நினைத்தால் வயிற்றெரிச்சலும் வந்தது.

“அந்தாளு முடிவு தெரியாமப் போயிட்டாரு. இருந்து பாத்திருந்தாருன்னா சிரிப்புப் படமால்ல எடுத்திருப்பாரு” என்றார் செல்வராணி.

முடிவு அவருடைய அப்பாவின் தாய்மாமன் கையில் இருந்தது. செய்தி கேட்டு வந்தவர் நேராக மோட்டார் ரூமுக்குப் போய், மருமகன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். கை வலித்தது. பேயை அடித்தால் கை வலிக்காது என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். அப்படியும் கருமாதி முடிந்தவரை எப்படிச் சேர்ப்பது என்று வழக்கு நீண்டது. செத்தவன் செத்தவனாகவே இருக்கட்டும், இவன் புதிதாகப் பிறந்ததாக வைத்துக்கொள்வோம் என்று கடைசியில் தீர்ப்பானது. மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தி, புதுப் பெயர் வைத்தார்கள். கிடாய் வெட்டிச் சோறு போட்டார்கள். அதற்குப் பிறகுதான் மறுபடியும் தாலி கட்டினார்.

“அம்புட்டுப் பெரிய ஆளைத் தூக்கி மடியில வச்சதுல மாமாவுக்கு முழங்கால் போனதுதான். சாகுற வரைக்கும் நொண்டுனாக” என்றார் செல்வராணி. பிறகு குரலைத் தாழ்த்தினார். “அதுக்குள்ள நான் வயித்துல வந்துட்டேன். மோட்டார் ரூம்ல இருந்தப்பவே. படமும் வந்துருச்சா, என்னைப் பேய்க்குப் பொறந்தவன்னே கூப்புட்டாக. எங்கப்பா அஞ்சு வருசத்துக்கு முன்னாடிதான் போனாக. அவுகளுக்கு ரெண்டு கருமாதி.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டிய தாய் பேய்க் கதைக்கு இப்படி ஒரு மாற்றுக் கதை கட்டமாட்டாரா? சாட்சி சொல்ல அப்பா இல்லை, அம்மா இல்லை, மாமா இல்லை. யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது செல்வராணியின் மகள் பந்தல் பக்கமிருந்து ஓடி வந்தாள்.

“அம்மா, அவுக வந்துட்டாக.”

சாயங்கால வெளிச்சம். பந்தலுக்கு அடியில் வரிசையாக ஆட்கள் குனிந்து நடந்து வந்தார்கள். வெள்ளை வேட்டிகள். காரணமெல்லாம் தெரிந்த பிறகும் எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது, அதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. போடிக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

செல்வராணி என் கையில் மிக்சர் தட்டைத் திணித்தார். “யாரு என்னன்னு கேட்டா சொந்தம்னு சொல்லுங்க” என்றார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் அம்மா பாயில் உட்காராமல் ஜன்னல் வழியாக மோட்டார் ரூமையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பக்கம் ஏதோ பேய் வீடு இருக்காமே. நீங்க பாத்திருக்கீகளா?”

செல்வராணியின் காபி டம்ளர்கள் உள்ளே கடகடவென்று ஆடிய சத்தம் எனக்குக் கேட்டது.

“இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன். சின்னமனூர்ல, மேகமலை போற ரோட்டுல. அம்பது ரூபாய் டிக்கெட்” என்றேன். “சுவரெல்லாம் ரத்தம். பெயிண்ட் காயறதுக்குள்ள போய்ப் பாத்துடுங்க.”

அந்த அம்மாள் கண்ணைச் சிமிட்டாமல் என்னைப் பார்த்தார். “நீங்க சொந்தக்காரவுக இல்ல. பேச்சே மெட்ராஸ் பேச்சா இருக்கு. வீடியோ எடுக்க வந்தவுகளா?”

நான் மிக்சர் தட்டை அவர் பக்கம் நீட்டினேன். அவரோ செல்வராணியைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

“ஏந்தாயி இம்புட்டுப் பயப்படுற? எங்க மாமனாரு ஒங்க அப்பாகூட ஒரே எஸ்டேட்டுல கிடந்தவுக. காதுகுத்துக்கு இங்கன வந்து கறிச்சோறு தின்னுட்டுத்தான் போனாக. மீச வச்ச புள்ளைக்குக் காது குத்துன ஊருன்னு சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. அந்த மோட்டார் ரூமைக் கண்ணால பாக்கணும்னுதான் நானே வந்தேன். படம் பாத்தவுகதான் பயப்படணும். நாங்க சோறு தின்ன குடும்பம்.”

செல்வராணி அழுதார். தட்டோடு நின்ற எனக்கும் கண் கலங்கிவிட்டது. கேட்காமலே சாட்சி கிடைத்துவிட்டது, நான் தேடிக்கொண்டு வந்தது அதுதானே. மாப்பிள்ளைப் பையன் எதையும் கவனிக்காமல் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தான்.

இருட்டுவதற்குள் கிளம்பினேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முறைத்தார். என் கையில் பூவும் பழமும் இருப்பதைப் பார்த்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது செல்வராணி ஒன்று சொல்லியிருந்தார். “கல்யாணம் முடியட்டும். அப்புறம் எழுதுங்க. ஊரு பேரு வேணாம், படத்துப் பேரு வேணாம். எங்கப்பா உசுரோடதான் வந்தாகன்னு மட்டும் எழுதுங்க.”

கல்யாணம் முடிந்துவிட்டது. மறுவீடும் போய் வந்தாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்: அவர் உயிரோடுதான் வந்தார்.

இன்னொன்று, அந்தப் பயணம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம் நடந்தது. அடுக்களையில் செல்வராணி கொடுத்தனுப்பிய பன்னீர் திராட்சையைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

“அவுக வந்துட்டாக.”

ஆபீஸ் பையோடு உள்ளே நுழைந்த முரளி அப்படியே நின்று, தனக்குப் பின்னால் யார் வந்தது என்று திரும்பிப் பார்த்தார்.